கேட்டலும் வினாதலும்

தமிழில் 'கேள்' என்னும் சொல் இரு தொழில்களை உணர்த்தும். ஒருவர் கூறுவதைச் செவியால் ஏற்பதும் கேட்டல். விளங்காத ஒன்றைப் பிறரிடம் வினவுவதும் கேட்டல். 'கதை கேட்டான்' என்னுமிடத்து முதற் பொருளும், 'வழி கேட்டான்' என்னுமிடத்து இரண்டாம் பொருளும் கொள்கிறோம். அதனின்று பிறந்த 'கேள்வி' என்னும் பெயரும் அவ்வாறே இரு பொருள் தந்து நிற்கின்றது. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் அமைத்தார். அங்கே அச்சொல் அறிவுடையார்பால் கேட்டறிதலைக் குறிக்கும். இன்றைய தேர்வுத்தாளில் அச்சிடப்படும் 'கேள்வி'யோ வினாவையே குறிக்கும். செவி திறந்திருத்தலும் வாய் திறந்து வினாதலும் வேறு வேறு செயல்களாயினும், நம் மொழி அவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்குவது எண்ணத்தக்கது. ஆசிரியரிடம் கல்வி பெறுதலைப் 'பாடம் கேட்டல்' என்றே நம் முன்னோர் கூறினர். அத்தொடரில் அமைந்தது எந்தக் கேட்டல்? செவியின் கேட்டலா, வாயின் கேட்டலா?

செவியின் கேட்டலே என்று பலரும் விடை கூறுவர். பழங்காலத்து மாணாக்கன் கைகட்டி வாய்பொத்தி நின்றான், ஆசிரியர் சொன்னதை மனப்பாடம் செய்தான், எதிர்த்து ஒரு சொல்லும் வினவினான் அல்லன் என்பது அவர்கள் எண்ணம். அதற்குச் சான்றாக நன்னூலையே காட்டுவாரும் உளர். பவணந்தி முனிவர் சீயகங்கன் என்னும் அரசன் வேண்டியதற்கிணங்க 13ஆம் நூற்றாண்டில் அந்நூலை இயற்றினார். அதன் முகப்பில் அமைந்த பொதுப்பாயிரம், ஆசிரியர் எவ்வாறு கற்பிக்க வேண்டும், மாணாக்கர் எவ்வாறு கற்க வேண்டும் என்பவற்றை விரித்துரைக்கின்றது. பாடம் கேட்கும் மாணாக்கன் எழுதிய ஓவியம்போல் அசையாது அமர்தல் வேண்டும் என்றும், செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலமாகவும் கொண்டு ஆசிரியர் உரையைப் பருகுதல் வேண்டும் என்றும் அங்கே கூறப்படுகின்றது. இதனைமட்டும் படித்து நூலை மூடுவோர்க்குப் பண்டைய வகுப்பு ஓவியங்கள் நிறைந்த ஒரு கூடமாகவே தோன்றும்.

நூலை மூடாது அடுத்த நூற்பாவையும் படித்தல் வேண்டும். மாணாக்கன் தன் கடனாகக் கொள்ளத்தக்கவை இவை என அங்கே சில செயல்கள் தொகுக்கப்பட்டுள்ளன. கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரைச் சார்ந்து மனத்தில் நன்கு பதியும்வண்ணம் கேட்டல், தன்னையொத்த மாணாக்கரோடு கூடிப் பயிலுதல் ஆகியன அவற்றுட் சில. இவற்றோடு வினாதலும், பிறர் வினாவியவற்றுக்கு விடை இறுத்தலும் மாணாக்கனின் கடமைகளாகவே வைத்து எண்ணப்பட்டுள்ளன. ஓவியம்போல் அமர்தல் ஆசிரியர் உரைக்கும் பொழுதுக்கு உரியது. அவர் உரைத்து முடித்தபின் ஓவியம் உயிர்பெற்றுப் பேசுதல் வேண்டும். முன்னதைமட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டது நம் பிழையே. பவணந்தியார் பிழை அன்று.

இதனினும் வியப்புத் தருவது அவர் அடுத்துக் கூறும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு கருத்தோடு கேட்டாலும், அதனால் மாணாக்கனுக்கு வாய்க்கும் புலமை நான்கில் ஒரு பங்கே. உடன் பயிலும் மாணாக்கரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு பங்கு வாய்க்கும். எஞ்சிய இரு பங்கும் தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைக்கும்பொழுதே வந்து நிரம்பும் என்பது அக்கணக்கு. ஓர் ஆசிரியர், ஆசிரியரின் உரைக்குக் காற்பங்குதான் அளித்தார்! முக்காற்பங்கும் மாணாக்கர் வாயினின்று வரவேண்டும் என்று விதித்தார். நாற்பது மணித்துளி நடைபெறும் ஒரு வகுப்பில் நாற்பது மணித்துளியும் ஆசிரியரே பேசி முடிக்கும் வழக்கத்தை அவர் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ!

பிறர்க்கு உரைப்பதனால் அரைப்பங்கு புலமை எவ்வாறு வரும் என ஐயுறலாம். ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். குற்றியலுகரத்தின் இலக்கணத்தை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தனிக்குறில் அல்லாத பிறவற்றைச் சார்ந்து, சொல்லின் இறுதியில் வல்லின மெய்யின்மேல் ஏறிவரும் உகரம் தன் ஒரு மாத்திரையினின்று அரை மாத்திரையாகக் குறுகும். தேர்வில் இதனைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண்ணும் பெறலாம். இப்பொழுது உங்கள் தம்பியை அழைத்து அவனுக்கு இதனைக் கற்பித்துப் பாருங்கள். "அண்ணா, 'காசு' என்பதிலும் 'சு'தான் உள்ளது, 'பசு' என்பதிலும் 'சு'தான் உள்ளது. ஒன்று குறுகுமாம், மற்றொன்று குறுகாதாம், ஏன்?" என்று அவன் வினவுவான். 'பசு' என்பதில் உகரம் தனிக்குறிலைச் சார்ந்து வந்தமையால் குறுகாது என விதியை மீண்டும் கூறுவீர்கள். அவன் அமையான். "குறுகுகிறது என்று எவ்வாறு தெரியும்?" என்பான். அப்பொழுதுதான் நீங்கள் இரு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பீர்கள். 'பசு' என முடிக்கும்பொழுது இதழ்கள் நன்கு குவிகின்றன. 'காசு' என முடிக்கும்பொழுது அவ்வாறு குவிவதில்லை. ஒலியும் மெலிந்து தேய்கின்றது. ஏட்டில் இருந்த விதி உங்கள் இதழில் இருந்ததை அன்றே அறிவீர்கள். சிறுவன் வினவாதிருப்பின் அதனை அறிந்திருக்க மாட்டீர்கள். பவணந்தியார் கூறிய அரைப்பங்கு இதுவே.

உடன் பயில்வாரிடமிருந்து பெறும் காற்பங்கும் சிறிதன்று. ஆசிரியரிடம் வினவ நாணும் ஒன்றை அருகிலிருக்கும் தோழனிடம் வினவ ஒருவரும் நாணுவதில்லை. அன்றியும், ஒன்றை நெடுங்காலத்துக்கு முன்பே கற்ற ஆசிரியர்க்கு அதில் எங்கே இடறல் உண்டு என்பது மறந்துபோயிருக்கும். நேற்றுக் கற்ற தோழனோ அவ்விடத்தில் தானே இடறியவனாதலின், கல் கிடக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டவல்லான்.

மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததே. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் பயிற்றுவான். சென்னை எழும்பூரில் இருந்த சிறுவர் காப்பகம் ஒன்றின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் காப்பகத்திலும் அவ்வாறே செய்வித்தார். வயதுவந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்காமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே ஏனையோர்க்குக் கற்பிக்க அமர்த்தினார். இங்கிலாந்துக்கு மீண்டபின் 1797இல் இம்முறையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. இதனைப் பெருமையோடு கூறுவோர் மிகப் பலர். யான் சிறிது தயங்கியே கூறுவேன். திண்ணைப் பள்ளியிலும் சரி, பெல் பாதிரியார் பரப்பிய பள்ளிகளிலும் சரி, மூத்தவன் ஒன்றை உரக்கச் சொல்ல இளையோர் அதனைத் திருப்பிச் சொல்லுதலே பெரும்பான்மையான வழக்கம். ஒருவன் வாயினின்று மற்றொருவன் வாய்க்கு ஒலி சென்றது. இடையே வினா எழவில்லை. வினா எழாத இடத்தில் எத்துணைப் பேர் வாய்திறந்தாலும் அது மௌனமான வகுப்பே.

இனி, வினாவின் இயல்பைக் காண்போம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினாவை அறுவகைப்படுத்துவர் இலக்கணத்தார். கடைக்குச் சென்று 'பருப்பு உள்ளதா?' என வினவுவது கொளல்வினா. 'உன்னிடம் குடை இல்லையோ?' எனக் கேட்டுத் தன் குடையை நீட்டுவது கொடைவினா. இவையும் ஏவல்வினாவும் வீட்டிலும் வீதியிலும் பயில்வன. முதல் மூன்றுமே வகுப்பறைக்குச் சிறப்பாக உரியன.

அவற்றுள் அறிவினா விந்தையானது. விடையை அறிந்தவரே வினவுவது அது. வீதியில் ஒருவர், தமக்குத் தெரிந்த வழியையே நம்மிடம் வினவுவாராயின், நம்மை நகையாடுகின்றார் என்றே கொள்வோம். வகுப்பில்மட்டும் ஆசிரியர் நாள்தோறும் இவ்வாறு வினவுகின்றார். நாம் அதனை இயல்பென ஏற்கின்றோம். ஏன்? ஆசிரியர்க்கு விடை தெரியும். ஆனால் மாணவன் உள்ளத்தில் இருப்பது அவர்க்குத் தெரியாது. விடையைப்பற்றிய அளவில் அறிவினாவாக நிற்பது, மாணவனைப்பற்றிய அளவில் அறியாவினாவாகவே உள்ளது. கொள்வோன் எவ்வளவு கொள்வான், எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து பாடம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் ஆசிரியர்க்கு விதிக்கின்றது. வினவாமல் அதனை அறிவது எங்ஙனம்? நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி ஒன்றும் ஆசிரியரிடம் இல்லை. ஆதலின் உங்கள் ஆசிரியர் வினவும்பொழுது, பிழையான விடையைக் கூறிவிடுவோமோ என அஞ்சி வாளா இருப்பது அவர் பார்வையை மறைப்பதாகும். நோயாளி நாவை நீட்ட மறுத்தால் மருத்துவர் என் செய்வார்?

மாணவர்க்கு உரியவை அறியாவினாவும் ஐயவினாவும். 'இச்சொல்லின் பொருள் யாது?' என்பது அறியாவினா. 'இச்சொல்லுக்கு இப்பொருளோ, அப்பொருளோ?' என்பது ஐயவினா. இவ்விரண்டனுள் ஐயவினா ஒருபடி உயர்ந்தது என்பேன். ஐயுறுபவன் வெறுங்கையோடு வருவதில்லை. இரண்டு பொருள்களைத் தானே தேடி எடுத்து, ஒப்பிட்டு நோக்கி, எதனைக் கொள்வது எனத் துணிய இயலாது வருகின்றான். பாதி வழி தானே நடந்து வந்தவனுக்கு மீதி வழியைக் காட்டுவது ஆசிரியர்க்கும் இன்பம். 'ஒன்றும் விளங்கவில்லை' எனக் கூறும் மாணவனை, 'எதுவரை விளங்கிற்று?' என வினவி, அவன் அறியாமையை ஐயமாக மாற்றிக்கொள்ளச் செய்வதே நல்லாசிரியர் வழக்கம்.

நம் உரையாசிரியர்களும் இதனை நன்கு உணர்ந்தவர்கள். காண்டிகையுரையின் உறுப்புகளைக் கூறும் நன்னூல், கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்தே கூறுகின்றது. இறையனார் களவியல் உரையைத் திறந்து பாருங்கள். ஏடுதோறும் 'என்னை?' என ஒரு வினா எழும். 'எனின்' எனத் தொடங்கி விடை வரும். மாணவன் ஒருவன் எதிரே அமர்ந்து இடைவிடாது வினவுவது போலவே அவ்வுரை நடக்கின்றது. எதிரே ஒருவரும் இல்லாத பொழுதும், வினவும் ஒருவனைத் தம் மனத்தில் அமர்த்திக்கொண்டே அப்புலவர்கள் எழுதினர்.

வினா எத்துணை வேறுபடினும், வகுப்பில் அதன் பயன் அது திறக்கும் உரையாடலைப் பொறுத்தது. பறம்புமலைத் தலைவன் பாரியின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பறம்பு என்பர். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே அவன் ஈந்தான். யான் எட்டாம் வகுப்பில் இப்பாடத்தை நடத்தியபொழுது, "முல்லைக்குத் தேர் ஈந்தவன் யார்?" என்று முதற்கண் வினவினேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு சொல்லில் விடை வந்தது. வினாவும் அத்துடன் இறந்தது. பின்னர், "கொடி படர ஒரு கொழுகொம்பு போதுமே, தேர் எதற்கு?" என்றேன். உயர்ந்திருந்த கைகள் எல்லாம் தாழ்ந்தன.

சிறிது நேரம் கழித்து ஒருவன் எழுந்து, "ஐயா, அவன் அரசன்; ஒரு தேர் அவனுக்குப் பெரிதன்று" என்றான். அவன் அமர்வதற்குள் ஒரு மாணவி, "பெரிதன்று எனின், அக்கொடையைப் புகழ்வது ஏன்?" என அவனையே நோக்கி வினவினாள். அவனால் விடை கூற இயலவில்லை. கடைசி வரிசையில் உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான்; வகுப்பில் வாய் திறவாதவன். "தேர்மேல் கொடி படர்ந்தால், மழையிலும் வெயிலிலும் மரம் மட்கிப்போகும், ஐயா. தேரும் கெடும், கொடியும் விழும். நான்கு கால் நட்டுப் பந்தல் இட்டிருந்தால் நெடுநாள் நிற்கும். பாரிக்குத் தோட்ட வேலை தெரியாது" என்றான். வகுப்பு முழுதும் நகைத்தது. யான் நகைக்கவில்லை. அவன் கூறியதில் பொருள் இருந்தது. "அவன் கூறுவது மெய்யே. பயனில்லாத செயல் ஒன்றைப் புலவர்கள் போற்றிப் பாடியது ஏன்?" என அவன் கூற்றையே வினாவாக்கி அனைவர்க்கும் அளித்தேன்.

அதன்பின் வகுப்பில் யான் பேச இடம் கிடைக்கவில்லை. "அவ்விடத்தில் அவனிடம் இருந்தது தேர் ஒன்றுதானே" என்றான் ஒருவன். "ஆள் அனுப்பிக் கொம்பு வெட்டிவரச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மற்றொருத்தி. "ஆள் வரும்வரை அவன் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டுமே, அவனால் நிற்க முடியவில்லை" என்றான் முன்வரிசைச் சிறுவன் ஒருவன். அவன் அவ்வாறு கூறியபின்னரே, 'கொடைமடம்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். தகுதி, அளவு, பயன் என்பவற்றை ஆராயாது, கண்ட அளவில் ஈந்துவிடும் பேதைமை அது. பேதைமையாயினும் சான்றோர் புகழ்ந்த பேதைமை. பாடத்தின் தொடக்கத்திலேயே அச்சொல்லை எழுதிப் பொருளும் கூறியிருக்கலாம். அகராதியின் ஒரு வரியாக அது குறிப்பேட்டில் ஏறியிருக்கும். அன்று அச்சொல், அவர்களே தேடி அடைந்த ஒரு கருத்துக்குப் பெயராக வந்து அமர்ந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைமட்டும் இறுதிவரை உடன்படவில்லை. பந்தலே நன்று என்னும் தன் கொள்கையோடுதான் அவன் வீட்டுக்குச் சென்றான். அதனால் குறை ஒன்றுமில்லை.

இவ்வகுப்பில் 'சிறிது நேரம் கழித்து' என்று யான் கூறியதை நீங்கள் கருதாது விட்டிருக்கலாம். வினாவுக்கும் விடைக்கும் இடையே உள்ள அச்சிறுபொழுது அருமையானது. அமெரிக்க நாட்டு அறிவியற் கல்வியாளராகிய மேரி பட் ரோ என்னும் அம்மையார், வகுப்புகளில் நிகழும் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1974இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் ஒரு வினாவைத் தொடுத்தபின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர். அதற்குள் விடை வாராதாயின் வேறொருவரை அழைக்கின்றனர், அல்லது தாமே விடையைக் கூறிவிடுகின்றனர் என்பதை அவர் கண்டார். அவ்வாசிரியர்களையே மூன்று நொடியோ அதற்குச் சற்று மேலோ காத்திருக்கப் பழக்கியபொழுது நேர்ந்த மாறுதல்கள் பல. மாணவர் விடைகள் நீண்டன. விடையோடு காரணமும் வந்தது. விடை கூறாது நிற்போர் குறைந்தனர். பிறரால் மந்தர் எனக் கருதப்பட்டோரும் பேசலாயினர். மாணவர்கள் தாமே வினவத் தொடங்கினர். மூன்று நொடி என்பது கண்ணை ஒருமுறை மூடி மெல்லத் திறக்கும் பொழுதினும் சிறிதே மிகுதி. ஆயினும், வகுப்பறையின் அமைதியில் அது நெடும்பொழுதாகவே தோன்றும். எதிரே நிற்கும் ஆசிரியர்க்கு அதனைப் பொறுத்தல் அரிது. விடை தெரிந்த மாணவனுக்கு அதனினும் அரிது. அவன் கையை உயர்த்தி 'ஐயா, ஐயா' என்று அழைக்கும் ஒலியிலேயே, எண்ணத் தொடங்கிய நான்கு பேரின் எண்ணம் அறுந்துபோகும். விடை தெரிந்தவர்கள் பிறர்க்குச் செய்யும் முதல் உதவி, சிறிது பொறுத்திருத்தல்.

வினாவால் கற்பித்தவருள் உலகம் போற்றும் ஒருவர் கிரேக்க நாட்டுச் சாக்ரட்டீசு. ஏதென்சு நகரில் வாழ்ந்து, கி.மு. 399இல் நஞ்சுண்டு இறந்தவர் அவர். தாமாக ஒரு நூலும் எழுதினார் அல்லர். அவர் மாணவராகிய பிளேட்டோ எழுதிய உரையாடல்களே அவரை நமக்குப் பெரிதும் காட்டுகின்றன. அவற்றுள் 'மெனோ' என்பது ஒன்று. அதில் சாக்ரட்டீசு, வடிவியல் பயிலாத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, தரையில் ஒரு சதுரம் வரைகின்றார். அதன் பக்கம் 2 அடி. பரப்பு 4 சதுர அடி. "இதைப்போல் இருமடங்கு பரப்புடைய சதுரத்தின் பக்கம் எவ்வளவு?" என்பது அவர் வினா. நீங்களும் ஒரு தாளில் வரைந்துகொண்டு மேலே படியுங்கள்.

பரப்பு இருமடங்காதலின் பக்கமும் இருமடங்கு, அதாவது 4 அடி என்று சிறுவன் தயங்காது கூறுகின்றான். 'தவறு' என்று சாக்ரட்டீசு கூறவில்லை. அவ்வாறே வரைந்து, பரப்பை அவனையே எண்ணச் செய்கின்றார். 16 வருகின்றது. வேண்டியதோ 8. சிறுவன் சிந்தித்து, 2 அடிக்கும் 4 அடிக்கும் இடைப்பட்டதாக 3 அடி என்கின்றான். எண்ணிப் பார்த்தால் 9 வருகின்றது. இப்பொழுது அவன், தனக்குத் தெரியவில்லை என்கின்றான். அந்நிலையில் சாக்ரட்டீசு தம் நண்பர் மெனோவை நோக்கி, இவனைக் குழப்பியதால் இவனுக்குத் தீங்கு செய்தோமோ என வினவுகின்றார். முன்பு இவன் தவறான விடையை உறுதியோடு எவர் முன்னும் கூறியிருப்பான். இப்பொழுதோ தன் அறியாமையை அறிந்தான். தேடும் விருப்பமும் கொண்டான் என்பது அவர் கருத்து. பின்னர், 4 அடிப் பக்கமுடைய பெருஞ்சதுரத்துள் அடங்கிய நான்கு சிறு சதுரங்களிலும் மூலைவிட்டம் வரைகின்றார். ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி அடங்க, நடுவே ஒரு புதிய சதுரம் தோன்றுகின்றது. நான்கு பாதிகள் சேர்ந்தால் 8 சதுர அடி. சிறு சதுரத்தின் மூலைவிட்டமே வேண்டிய பக்கம் என்பதைச் சிறுவன் கண்டுகொள்கின்றான்.

இவ்வுரையாடலை வியந்து போற்றுவோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அதன் பிற்பகுதியில் சாக்ரட்டீசு தொடுக்கும் வினாக்கள் பல, 'ஆம்' என்னும் ஒரு சொல்லால் விடையிறுக்கத்தக்கவை. மூலைவிட்டத்தை வரைந்தவரும் அவரே, சிறுவன் அல்லன். வினாவின் உருவில் விடையையே ஊட்டிவிடுவது எளிது. கற்பிப்போர் பலர் அதனைச் செய்துவிட்டு, மாணவனே கண்டுபிடித்தான் என மகிழ்வர். யான் அவ்வுரையாடலில் போற்றுவது முதற்பகுதியை. சிறுவன் இருமுறை தவறினான். இருமுறையும் அத்தவறு கண்டிக்கப்படாது வரைந்து பார்க்கப்பட்டது. எண்ணிப் பார்த்தவனும், தவறென்று அறிந்தவனும் அவனே.

தவறினால் பிறர் நகைப்பர் என்னும் அச்சமே மாணவர் பலரின் வாயை அடைக்கின்றது. ஒருமுறை நகைப்புக்கு ஆளானவன் பல ஆண்டுகள் வாய் திறவான். வகுப்பில் இருந்துகொண்டே வகுப்பினின்று நீங்கிவிடுவான். அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் இருக்கும். இதற்கு மாறாக, தன் புலமையைக் காட்டவும் ஆசிரியரை மடக்கவும் வினவுவாரும் சிலர் உண்டு. அவர்களைப்பற்றி மிகக் கவலைப்பட வேண்டுவதில்லை. வினவி வினவி, மெய்யான வினா ஒன்றிலும் ஒருநாள் கால் வைத்துவிடுவர்.

ஒரே ஒரு வினா, கற்றுத் தேர்ந்த ஆசிரியர் ஒருவரை மீண்டும் மாணவராக்கிய வரலாறு நம் நாட்டில் உண்டு. உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டு பாடம் கேட்டவர். 1880இல், தம் 25ஆம் வயதில், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அந்நகர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் கற்றீர், என்னென்ன கற்றீர் என முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாக அடுக்கினார். அவற்றைக் கேட்டு முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டோ எனக் கேட்டு, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்னும் பெயர்களைக் கூறினார். ஐயர் அந்நூல்களைக் கண்டவரும் அல்லர்.

முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் படி ஒன்றை ஐயர்க்கு அளித்து, அதனைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். பிறர்க்கு உரைக்க வேண்டிய கடமை அவ்வாறு அவர்மேல் வந்தது. நச்சினார்க்கினியர் உரையோடு படித்தும் பல இடங்கள் விளங்கவில்லை. அந்நூல் சமணர் கொள்கையும் வழக்கமும் நிறைந்தது; அவை அவர்க்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்று, தமக்கு விளங்காத ஒவ்வொன்றையும் குறித்துவைத்து வினவினார். கல்லூரியில் பலர்க்கு ஆசிரியராக விளங்கியவர், அவ்வில்லங்களில் மாணவராக அமர்ந்தார். வழிவழியாக அந்நூலைப் படித்துவந்த அவர்கள் கூறிய விளக்கங்களோடும், பல ஊர்களிலிருந்து தேடித் தொகுத்த ஏட்டுச்சுவடிகளோடும் ஒப்புநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் 1892இல் சிலப்பதிகாரமும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. முதலியார் அன்று பெயர் கூறி வினவிய நூல்கள் அம்மூன்றுமே.